‘போயிருக்கோணும்’: கொங்குத் தமிழில் ஒன்று, இங்கிலீஷில் இரண்டு

தறி ஓட்டிய வீட்டுப் பிள்ளைகள் சென்னிமலையிலிருந்து இன்று பெருந்துறை சிப்காட்டுக்கும் திருப்பூர், கரூர் ஏற்றுமதி அலுவலகங்களுக்கும் பஸ் ஏறுகிறார்கள். அப்பா பெட்ஷீட் நெய்தார். மகள் மெர்ச்சண்டைசர், பெட்ஷீட் டிசைன்களை வெளிநாட்டு பையருக்கு மெயிலில் அனுப்புவது அவள் வேலை.

காலையில் மேனேஜர் கேட்கிறார்: “ஏம்மா, பையருக்கு ஃபைல் போயிருச்சா?”

“நேத்தே போயிருக்கோணுமுங்க சார்.”

சிக்கல் இந்தப் பதிலில்தான். ‘கண்டிப்பாகப் போயிருக்கும்’ என்றும் இதற்கு அர்த்தம். ‘போக வேண்டியது, என்ன ஆச்சோ’ என்றும் அர்த்தம். எதிரே நிற்கும் மேனேஜருக்குக் குரலை வைத்தே விளங்கிவிடும். மெயிலுக்குக் குரல் கிடையாது. அதனால் இங்கிலீஷில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். உறுதியான ஊகம் என்றால் ‘மஸ்ட் ஹேவ் கான்’. போக வேண்டியது, ஆனால் சந்தேகம் என்றால் ‘ஷுட் ஹேவ் கான்’. போகவில்லை என்று தெரிந்தும் ‘மஸ்ட்’ போட்டால், நாளைக்கு நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

‘இருக்கலாம்’ என்பதும் இப்படியே. “ஸ்பேமில் விழுந்திருக்கலாம்” என்றால் ‘மே ஹேவ்’. “ஒரு போன் பண்ணியிருக்கலாம்” என்றால் ‘குட் ஹேவ்’. இரண்டாவது தமிழிலேயே குறை சொல்லும் பேச்சு, இங்கிலீஷிலும் அப்படித்தான். பையருக்கு ‘யூ குட் ஹேவ் டோல்ட் மீ’ என்று எழுதும் முன் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

நம்மூர் மெயில்களில் நிறைந்து கிடக்கும் இன்னொன்று ‘யூ வுட் ஹேவ் ரிசீவ்ட் மை மெயில்’. “என் மெயில் கிடைச்சிருக்கும்” என்பதை அப்படியே தூக்கிப் போட்டது. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளியே படிப்பவர் மட்டும் ‘வாங்கியிருப்பாய், ஆனால்...’ என்று மிச்ச வாக்கியத்துக்குக் காத்திருப்பார். ‘யூ மே ஹேவ் ரிசீவ்ட்’ போதும், மரியாதையாகவும் இருக்கும்.

எதிர்மறைக்கு ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1984இல் இரட்டை மாட்டு வண்டி மலைக்கோயிலின் 1320 படிகளையும் ஏறிய கதையைச் சென்னிமலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம்பாத வெளியூர்க்காரர் “ஏறியிருக்காது” என்பார். இதற்கு ‘மஸ்ட் நாட் ஹேவ்’ என்று தேட வேண்டாம். ‘கான்ட் ஹேவ் கிளைம்ப்ட்’. “ஏறியிருக்கக் கூடாது” என்று கண்டித்தால் அது ‘ஷுடன்ட் ஹேவ்’.

இனி நெட் சொற்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல், போன் லைன் கூவிக்கொண்டே கனெக்ட் ஆன டயல்-அப் வழியாக. பழைய பாடப்புத்தகங்கள் இன்னும் அந்த டயல்-அப் காலச் சொற்களையே சொல்லிக்கொண்டிருக்கின்றன, அவற்றை மனப்பாடம் செய்யாதீர்கள். நாம் தினமும் பேசுவதைத் திருத்தினாலே போதும். ‘டவர் இல்லை’ என்பதை அப்படியே சொன்னால் வெளிநாட்டவர் கட்டடத்தைத் தேடுவார். ‘நோ சிக்னல்’ என்று சொல்லுங்கள். ‘நெட் பேக்’ அங்கே ‘டேட்டா பிளான்’. நெட் கட் ஆனால் ‘த கனெக்‌ஷன் டிராப்ட்’, ஏரியா முழுக்கப் போனால் ‘அவுட்டேஜ்’. வீடியோ காலில் முகம் அப்படியே நின்றால் ‘ஹேங்’ அல்ல, ‘ஃப்ரோஸ்’. மெயில் திரும்பி வந்தால் ‘பவுன்ஸ்ட்’.

ஒரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். நெட் வேகம் மெகாபிட்டில், ஃபைல் அளவு மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். மத்திய அரசின் 2023 வரையறைப்படி விநாடிக்கு குறைந்தது 2 மெகாபிட் டவுன்லோட் வேகம் இருந்தால்தான் அது பிராட்பேண்ட். அந்த வேகத்தில் 30 மெகாபைட் டிசைன் ஃபைல் இறங்கவே 2 நிமிடம் ஆகும். அப்லோட் பெரும்பாலும் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டு உடனே லேப்டாப்பை மூடிப் பஸ் பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

மறுநாள் எழுத வேண்டிய மெயில் இது: ‘த கனெக்‌ஷன் டிராப்ட் டியூரிங் த அப்லோட், ஸோ த ஃபைல் மே நாட் ஹேவ் ரீச்ட் யூ. ஐ ஷுட் ஹேவ் செக்ட் பிஃபோர் லீவிங். ஐ ஆம் சென்டிங் இட் அகெய்ன் நௌ.’ நடந்தது, என் தவறு, இப்போது செய்வது என்று மூன்றே வாக்கியம். நடுவிலுள்ளதை எழுதக் கூச்சப்பட்டு ‘டியூ டு நெட் ப்ராப்ளம்’ என்று முடித்துக்கொள்வோர்தான் அதிகம். அந்தச் சாக்கைக் கேட்டுக் கேட்டு பையர்களுக்குப் புளித்துப்போயிருக்கும். அதுவும் ‘மஸ்ட் ஹேவ்’தான்.

இன்டர்வியூவிலும் இதே வாக்கியங்கள் கைகொடுக்கும். ஒரு தவறைச் சொல்லச் சொல்லிவிட்டு, ‘வாட் வுட் யூ ஹேவ் டன் டிஃபரன்ட்லி?’ என்று கேட்பார்கள். ‘ஐ குட் ஹேவ் யூஸ்ட் மை மொபைல் ஹாட்ஸ்பாட்’ என்று தொடங்கலாம். பேசும்போது ‘ஷுட் ஹேவ்’ என்று தனித்தனியாக அழுத்த வேண்டாம், ‘ஷுடவ்’ என்று ஒட்டி ஓடட்டும். அதன்பின் ‘வென்ட்’, ‘சா’ வரக்கூடாது, ‘கான்’, ‘சீன்’தான். எழுதும்போது மட்டும் காதில் விழுந்தபடி ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதிவிடாதீர்கள். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அங்கே வழுக்கி விழுகிறார்கள்.