மாதக் கட்டணம் இல்லாமல் மேட்ச் பார்க்கலாம்!



2024-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கவில்லை. அணையில் போதிய தண்ணீர் இல்லை. நம்ம குடவாசல் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வயலில் போர் கிடையாது, அதனால் குறுவையும் கிடையாது. அப்பா செலவு நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். முதலில் அடிபட்டது கேபிள். "நெல்லு வந்தா பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் டி20 உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. எனக்குக்கூடப் பரவாயில்லை. தாத்தாதான் பாவம். வரப்பில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். பக்கத்து வீட்டுக்குக்கூடப் போக முடியாது. "ஸ்கோர் மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லும்மா" என்பார். அதற்காகத் தேடியதில் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. வானொலி

தாத்தா சிறுவயதில் மேட்ச் "பார்த்தது" காதால்தான். பொங்கல் சமயம் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும். அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் வர்ணனை செய்வார்கள். டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நிற்குமாம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. அது நம்ம பக்கத்து வீடுகளுக்கு வந்து சேர மேலும் பல வருஷம் ஆனது.

2. இலவச டிஷ்

தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதக் கட்டணம் கிடையாது. இதில் டிடி ஸ்போர்ட்ஸ் சேனல் வரும்.

தனியார் சேனல் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து உரிமை வாங்குகிறது. அந்த மேட்ச் தூர்தர்ஷனில் எப்படிச் சும்மா வருகிறது? இந்தக் கேள்வியை சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் இரண்டு விஷயங்களைச் சொன்னார்.

முதலாவது, 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மேற்கு வங்கக் கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் நடந்த வழக்கு அது. வானலைகள் பொதுச் சொத்து என்று அதில் நீதிபதிகள் சொன்னார்கள். நம்ம ஊர் வாய்க்கால் தண்ணீர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 2007-இல் வந்த சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளை, உரிமை வாங்கியவர்கள் விளம்பரம் நீக்கிப் பிரசார் பாரதிக்கும் கொடுக்க வேண்டும். தூர்தர்ஷன் தன் விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளும். அந்த வருமானத்தில் 100 ரூபாய்க்குக் குறைந்தது 75 ரூபாய் உரிமைக்காரருக்குப் போகும். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள், கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஆகியவை அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஐ.பி.எல். சேரவில்லை. நம்ம பிள்ளைகள் உயிரை விடும் புரோ கபடியும் சேரவில்லை!

3. ஒரு குழப்பம்

கேபிள் உள்ள சிநேகிதி வீட்டில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்துப் பார்த்தேன். மேட்ச் நேரத்தில் வேறு ஏதோ ஓடியது. "நீ சொன்னது பொய்" என்று அவள் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் காரணம் தெரிந்தது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. இப்படிப் பகிரப்படும் மேட்சைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் இலவச டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம். தனியார் கேபிள் வழியாகப் போகக் கூடாது. ஆக, காசு கட்டுகிற வீட்டு டிடியில் வராத மேட்ச், காசு கட்டாத வீட்டு டிடியில் வரும்!

4. தட்டைத் திருப்பும் முறை

பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில் பழைய தட்டும் பெட்டியும் கிடந்தன. எதிர்வீட்டு அண்ணன் ஏறிப் பொருத்தினார். ஒன்றும் வரவில்லை. இயற்பியல் சார்தான் விளக்கினார்.

இந்தச் சேவை வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். குடவாசல் 79.5 டிகிரி அருகில் உள்ளது. எனவே தட்டு தென்கிழக்கே பார்க்க வேண்டும். சார் போட்ட கணக்குப்படி, வடக்கிலிருந்து வலப்பக்கமாக 127 டிகிரி, தரையிலிருந்து மேலே 69 டிகிரி.

கவனிக்க: சிறிய தட்டில் கம்பி கீழிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அது பார்வைக்குத் தெரிவதைவிட உயரமாகத்தான் வானத்தைப் பார்க்கும். எங்கள் தட்டின் முன்னால் தென்னை மட்டை மறைத்தது. தட்டை நாலு அடி தள்ளி வைத்து, பெட்டியில் மறுபடி 'ஸ்கேன்' கொடுத்ததும் படம் வந்தது! (ஐப்பசி அடைமழையில் படம் உடையும். மழைத்துளிகள் அலையை உறிஞ்சுவதே காரணம். தட்டைத் திருப்பாதீர்கள், மழை விட்டால் தானே சரியாகும்.)

5. செல்போன்

2022 கால்பந்து உலகக் கோப்பையையும் 2023 ஐ.பி.எல்.-ஐயும் ஜியோ சினிமா இலவசமாகக் காட்டியது. 2025-இல் ஐ.பி.எல்.லுக்குச் சந்தா வந்துவிட்டது. இன்று இலவசம், நாளை கட்டணம். தவிர, 'டேட்டா'வும் காசுதானே? யாரோ அனுப்பும் திருட்டு லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், போனுக்கும் கேடு.

முடிவாக...

ஜூன் 29, இரவு எட்டு மணி. தாத்தாவின் கட்டிலை டி.வி. பக்கம் திருப்பிப் போட்டோம். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும். எல்லைக் கோட்டில் சூரியகுமார் பந்தைத் தட்டி, வெளியே போய், உள்ளே வந்து பிடித்தார். தாத்தா கால் கட்டை மறந்து எழுந்திருக்கப் பார்த்தார்! 7 ரன்னில் ஜெயித்தோம். கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்த அப்பா எப்போது நோட்டை மூடினார் என்று நான் கவனிக்கவில்லை.

ஜூலை 28-இல் அணை திறந்தது. சம்பா போட்டோம். கேபிளை மறுபடி வாங்கவில்லை.

யோசித்து விடை சொல்லுங்கள்:
அ) ஒளி நொடிக்கு 3,00,000 கி.மீ. போகும். செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க அலைக்கு எத்தனை நொடி ஆகும்?
ஆ) கபடியைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமா? ஏன்?

விடைகளைச் சுவரிதழ்ப் பெட்டியில் போடவும்.

— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி