பாகத்தை மாற்றும் முன் பழுதைக் கண்டுபிடி

அன்புள்ள செந்தில்,

உன் 2012 சான்ட்ரோவுக்கு ஒர்க்‌ஷாப்பில் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்தேன். ஏ.சி. கம்ப்ரஸர், கண்டென்சர், கூலிங் காயில், கேஸ், லேபர் என்று 41,000 ரூபாய். இவ்வளவு செலவு செய்யலாமா, இல்லை வண்டியைத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நீ அவர்களிடம் கேட்டிருக்க வேண்டியது ஒன்று உண்டு: பழுது எது என்று அந்தத் தாளில் எங்கே எழுதியிருக்கிறது? மாற்ற வேண்டிய பாகங்களின் பெயரும் விலையும் இருக்கின்றன. கேஸ் எங்கே கசிந்தது, கம்ப்ரஸர் எதனால் போனது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பழைய வண்டிக்காரர்களின் பணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கரைகிறது. ஸ்பேர் பார்ட்ஸ் விலை அதிகம் என்று எல்லோரும் புலம்புகிறோம். காரணம் தெரியாமல் மாற்றிய பாகங்களுக்குக் கொடுத்த காசைக் கணக்குப் பார்ப்பதில்லை.

ஏ.சி.யையே எடுத்துக்கொள். கோடை வந்தால் ‘கேஸ் போடணும்’ என்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ஏ.சி.யில் கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரே வருடத்தில் குளிர்ச்சி போகிற அளவுக்குக் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் ஏற்றினால், போட்ட காசு காற்றில் போவதோடு நிற்காது. கம்ப்ரஸருக்கு உயவாக இருக்கும் ஆயிலும் அந்தக் கேஸோடுதான் சுற்றுகிறது. கேஸ் குறையக் குறைய ஆயில் சரியாகத் திரும்பி வராமல் கம்ப்ரஸர் தேய்கிறது. கடைசியில் அது இறுகி நின்றால், உள்ளே தேய்ந்த உலோகத் துகள் கண்டென்சர் வரை போய் அடைத்துக்கொள்ளும். ஒரு ஓ-ரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரத்தில் வந்து நிற்பது இப்படித்தான். கசிவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. லைனில் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். கசிகிற இடத்தில் குமிழி கிளம்பும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் நுரை தடவ முடியாது என்பதால் அதைத் தனியாக அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதையும் கவனி. சிக்னலில் நிற்கும்போது குளிர்ச்சி போய், பைபாஸில் ஓடும்போது திரும்பி வருகிறதா? அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கம்ப்ரஸரை அல்ல, கண்டென்சருக்குக் காற்றை இழுக்கும் ஃபேனை. ஃபேன் மோட்டாரோ ரிலேவோ போயிருக்கலாம், கண்டென்சரில் சேறு அப்பியிருக்கலாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை.

என்ஜின் விளக்கு எரிவதும் இதே கதை. ஸ்கேனரை மாட்டினால் ஒரு எரர் கோட் வரும். ‘கலவையில் பெட்ரோல் குறைவு’ என்று வந்தால் உடனே ஆக்ஸிஜன் சென்சரை மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறைக்குக் காற்றுக் குழாயில் விழுந்த வெடிப்போ, பலம் குறைந்த பெட்ரோல் பம்போகூடக் காரணமாக இருக்கலாம். சென்சர் தான் கண்டதைச் சொல்கிறது, அவ்வளவே. ஏன் அப்படி ஆனது என்பதை மெக்கானிக்தான் தேட வேண்டும்.

இத்தனையும் பார்க்க எந்த மெக்கானிக்குக்குப் பொறுமை இருக்கிறது என்று கேட்பாய். நியாயமான கேள்வி. அதில் நம் பங்கும் இருக்கிறது. ‘சும்மா பார்த்ததற்கு எதற்குக் காசு’ என்று பேரம் பேசுகிறவர்கள் நாம். பார்ப்பதற்குக் கூலி கிடைக்காத மெக்கானிக், பாகத்தை மாற்றி அதில் கிடைக்கும் கமிஷனில்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, ‘பழுதைக் கண்டுபிடிக்கத் தனியாகக் கூலி தருகிறேன், வேலையை அப்புறம் முடிவு செய்வோம்’ என்று முதலிலேயே சொல்லிவிடு. ஒரு மணி நேரக் கூலி போனாலும், தேவையில்லாத ஒரு கூலிங் காயிலின் விலை மிஞ்சும்.

எல்லாவற்றிலும் பழுது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. உன் சான்ட்ரோ என்ஜினில் இருப்பது டைமிங் செயின் அல்ல, பெல்ட். அது முன்னறிவிப்பு இல்லாமல் அறுந்துபோகும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து, என்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம். கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடு. கூலண்டும் அப்படித்தான். அதற்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உள்ளே துரு ஏறும். டெம்பரேச்சர் முள் மேலே போன பிறகும் ‘வீடு பக்கம்தானே’ என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். முள் ஏறினால் வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிடு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே.

பழுது இன்னதென்று தெரிந்த பிறகுதான் பாகத்தின் விலையைப் பற்றிப் பேச வேண்டும். கம்பெனி டப்பாவில் வந்தால்தான் ஒரிஜினல் என்பதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டருக்கு லூகாஸ் டிவிஎஸ், பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, ஸ்டியரிங் பாகங்களுக்கு ரானே என்று கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் நிறுவனங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. அவர்கள் தங்கள் பெயரிலும் கடைகளில் விற்கிறார்கள். ஒரிஜினல் பாகங்கள் வெளிச்சந்தைக்கு வரவிடாமல் தடுத்ததாகச் சொல்லி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஆகவே பாகத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நாலு கடை விசாரிப்பதில் தப்பே இல்லை. புதுப்பேட்டையின் பழைய சாமான் கண்ணாடிக்கும் பம்பருக்கும் கதவுக்கும் போதும். பிரேக், ஸ்டியரிங், டயர், பெல்ட் ஆகியவற்றில் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். அங்கே மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது.

பேசாமல் விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். பழுதுச் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிட்டால் அவர்கள் சொல்வது சரி போலத்தான் தோன்றும். ஆனால் இந்த வண்டி போனால் அதன் இடத்தில் வருவதற்கு மாதத் தவணையும் அதிக இன்ஷூரன்ஸும் கட்ட வேண்டும். ஒரு வருடப் பழுதுச் செலவை ஒரு வருடத் தவணையோடு வைத்துப் பார். அதற்காக எந்த வண்டியையும் கடைசிவரை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடித்தகடும் சேசிஸும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் இனி ஒரு ரூபாய்கூடப் போடாதே. 2027-ல் உன் வண்டிக்கு 15 வயது முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

அந்த எஸ்டிமேட் முழுப் பொய் என்று நான் முடிவு கட்டவில்லை. கம்ப்ரஸரைக் கழற்றி, அதிலிருந்து வடியும் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டச் சொல். கறுத்துப்போய், உலோகத் துகள் மின்னினால் கம்ப்ரஸரும் கண்டென்சரும் மாற்ற வேண்டியவைதான், தயங்காமல் செய். ஆயில் தெளிவாக இருந்தால் லீக் டெஸ்ட் செய்யச் சொல்லி, கசிவு எங்கே என்று கண்ணால் பார். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா