ஒற்றை யூனிட்டின் விலை

கேள்வி: எல்லாச் செலவையும் சுருக்கிவிட்டோம். கரண்ட் பில்தான் அடங்க மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: விளக்கை அணைத்து அணைத்துக் கை வலித்ததுதான் மிச்சமா? மீட்டரைப் பாருங்கள். இங்கே கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016-இல் முதல் 100 யூனிட் இலவசமானது. பலர் கவனிக்காதது 500 யூனிட் எல்லை. 2022 கட்டண மாற்றத்தின்படி, அதை ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம். அந்த ஒற்றை யூனிட்டுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் தண்டம்! அநியாயம்தான், ஆனால் விதி அது.

ரீடிங் எடுத்த 45-ஆம் நாள் கணக்குப் பாருங்கள். 500-இல் முக்கால் பங்கான 375 யூனிட்டைத் தாண்டியிருந்தால், மீதி நாட்களுக்கு ஏசியை 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் போடுங்கள். சென்னை வெயிலுக்கு கீசரே வேண்டாம்.