சீலை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்

காரில் என்ஜின் ஆயில் குறைகிறது என்றதும் நாம் சொல்வது, ‘எங்கேயோ ஒழுகுது, சீல் போயிருக்கும்’ என்பதுதான். மெக்கானிக்கும் சீலை மாற்றித் தருகிறார். சில மாதங்கள் கழித்து அதே இடம் மறுபடியும் கசிந்தால், பழி உதிரிபாகத்தின் மேல் விழுகிறது. மட்டமான சீலும் கடையில் கிடைக்கிறது, வயதான ரப்பர் தானாகவே இறுகவும் செய்கிறது. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மாற்றிய சீல் சீக்கிரமே மறுபடி கசிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது என்ஜினுக்குள் ஏறியிருக்கும் அழுத்தத்தையும், நாள்பட்டுக் கெட்ட ஆயிலையும்தான். அவற்றைக் கவனிக்காமல் ரப்பரை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது? சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். புத்தம்புது என்ஜினிலும் இது உண்டு. அந்த வாயுவை இழுத்து, உள்ளே போகும் காற்றோடு சேர்த்து எரித்துவிடத்தான் பி.சி.வி. வால்வும் ப்ரீதர் குழாயும் இருக்கின்றன. கசடு சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால், வாயு போக வழியில்லாமல் எந்த இடம் பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். டேப்பட் கவர் பேக்கிங் ஈரமாவதும் கிராங்க் சீல் கசிவதும் பல வண்டிகளில் இப்படித்தான். ப்ரீதரைச் சுத்தம் செய்யாமல் போட்ட புதுச் சீலும் அதே அழுத்தத்தைத்தான் தாங்க வேண்டும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதும் இதே கேட்டைச் செய்யும். சுழலும் கிராங்க் ஆயிலில் அடித்து நுரையாக்கும். அது ப்ரீதர் வழியே இன்டேக்குக்குப் போய் எரிந்து தீரும். ‘குறையுதே, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று ஊற்றினால் ஆயில் இன்னும் வேகமாகத்தான் குறையும்.

‘நிறுத்துமிடத்தில் ஒரு சொட்டுகூட இல்லையே’ என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். ஒழுகாத ஆயில் உள்ளே எரிந்துகொண்டிருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை ஒரு முறை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீலைச் சந்தேகிக்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது கரி படிந்து இறுகியிருக்கலாம். ரிங் இறுகுவதற்கு ஒரு பெரிய காரணம் ஆயிலை மாற்றாமல் நாள் கடத்துவது. ‘கிலோமீட்டர் இன்னும் ஆகவில்லையே’ என்பது இங்கே செல்லாது. சென்னை நெரிசலில் வண்டி நின்றபடி என்ஜின் ஓடும் நேரத்தைக் கிலோமீட்டர் மீட்டர் கணக்கில் எடுப்பதில்லை. வெயில், தூசி, நின்று நின்று போகும் ஓட்டம் ஆகியவற்றைக் கடினமான பயன்பாடு என்று வகைப்படுத்தி, ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லும் கையேடுகள் பல. நம் ஊர் ஓட்டம் பெரும்பாலும் அந்த வகைதான். அதற்காக எல்லாவற்றையும் வண்டிக்காரர் தலையில் கட்டவும் முடியாது. டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ என்ஜின் சில ஆண்டு மாடல்களில் ஆயில் குடித்தது. கோளாறு பிஸ்டன், ரிங் அமைப்பிலேயே இருந்தது. நிறுவனமே அமெரிக்காவில் உத்தரவாதத்தை நீட்டித்து அவற்றை மாற்றிக் கொடுத்தது. அதனால் உங்கள் மாடலுக்கு அப்படி ஏதும் அறிவிப்பு உண்டா என்று விசாரித்துவிட்டு என்ஜினைப் பிரிப்பது நல்லது.

கெட்டி ஆயில் ஊற்றினால் நின்றுவிடும் என்ற யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. அதிகம் ஓடிய பழைய என்ஜினில், கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி கெட்டியான கிரேடு போட்டால் குறைவு தணியலாம். வரம்பைத் தாண்டினால், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே ஏறத் தாமதமாகி, தேய்மானம் கூடும். ஊற்றிக்கொண்டே ஓட்டினால் ஓவர்ஹாலைவிட மலிவுதானே என்ற வாதமும் மெல்லிய கசிவுக்குப் பொருந்தும். எரியும் ஆயிலுக்குப் பொருந்தாது: அதன் சாம்பல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், அது விலை உயர்ந்த பாகம். சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும் கசிவுக்கும் பொருந்தாது, அங்கே தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

சர்வீஸில் நடக்கும் சின்னத் தவறுகளும் உண்டு. டிரெயின் பிளக்கின் பழைய வாஷரையே போடுவது ஒன்று. ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை முடுக்குவது இன்னொன்று. அப்படிச் செய்தால் மொத்த ஆயிலும் சீக்கிரமே கொட்டிவிடும்.

தடுக்கும் வழிகளில் டிப்ஸ்டிக் பார்ப்பதையே நான் முதலில் வைப்பேன். டாஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தத்தைக் காட்டுவது, அளவை அல்ல. ஆயில் குறைந்து அது எரிகிறது என்றால், அளவு ஏற்கெனவே ஆபத்தான நிலைக்கு இறங்கியிருக்கும். உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். டிப்ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கும் இடையில் பல கார்களில் ஏறத்தாழ 1 லிட்டர் இருக்கும். மாதம் இரு முறை, சமதளத்தில், கையேடு சொல்லும் முறைப்படி பார்த்து, கிலோமீட்டரோடு குறித்து வையுங்கள். 1000 கி.மீ.க்கு எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால், கையேடு அனுமதிக்கும் அளவோடு ஒப்பிட்டுவிடலாம். சீலை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் அந்தக் குறிப்பை அவரிடம் காட்டி, ப்ரீதரையும் பி.சி.வி. வால்வையும் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள்.