குழந்தையின் முதல் எழுத்து



நம்மவர் வீடுகளில் இன்று ஒரு விந்தையைக் காண்கிறோம். ஐந்து வயதுச் சிறுவன் அலிஃப், பே, தே என்று தொடங்கி அரபு எழுத்துகள் 28-ஐயும் தடையின்றிச் சொல்கிறான். அவற்றுள் 'ஹா' இரண்டு உண்டு. ஒன்று நடுத்தொண்டையில் பிறப்பது, மற்றொன்று அடித்தொண்டையில் பிறப்பது. இரண்டையும் பிரித்து ஒலிக்கிறான். பாலர் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தையும் ஒருவாறு படித்துவிடுகிறான். ஆனால் 'மழை' என்று தமிழில் எழுதிக் காட்டினால் விழிக்கிறான். நாமே படித்துச் சொன்னாலும் 'மளை' என்று திருப்பிச் சொல்கிறான். இரண்டு 'ஹா'க்களைப் பிரித்தறிந்த நாவுக்கு ழகரமும் ளகரமும் எட்டாதவையா? பிள்ளையின் அறிவில் குறை இல்லை. அரபு எழுத்து அவனுக்கு எவ்வழியில் வந்தது, தமிழ் எழுத்து எவ்வழியில் வருகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

ஓதும் பிள்ளைக்கு நாம் என்ன செய்கிறோம்? உஸ்தாத் எதிரில் அமர்கிறார். ஓர் எழுத்தைச் சொல்கிறார். பிள்ளை அவர் வாயைப் பார்த்துச் சொல்கிறது. பிழையானால் அங்கேயே நிறுத்தித் திருத்துகிறார். அன்றைக்கு உரியது நான்கு எழுத்தோ ஒரு வரியோதான். ஆனால் அது நாள் தவறாமல் நடக்கிறது. நேற்றைய பாடத்தை ஒப்பித்த பிறகே இன்றைய பாடம். 'ஒலிப்பதிவைப் போட்டுவிட்டேன், பிள்ளை தானே கேட்டுக் குர்ஆன் ஓதப் படித்துக்கொள்ளும்' என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. தமிழ் என்று வரும்போது மட்டும், பாட்டுப் படம் ஓடும் கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்து, 'தமிழ்தானே, தானாக வந்துவிடும்' என்று இருந்துவிடுகிறோம்.

முன்னாளில் தானாக வந்தது உண்மைதான். வீட்டில், தெருவில், கடையில் எல்லாம் தமிழே பேசினார்கள். இன்று நிலை வேறு. மக்கள்தொகைக் கணக்கின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதான சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010-இல் நூற்றுக்கு 3.3 பேர்; 2020-இல் 2.5 பேர். அதே பத்தாண்டில் ஆங்கிலம் பேசுவோர் 32.3-இலிருந்து 48.3 ஆக உயர்ந்தனர். 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. தமிழ் ஒரு பாடம். ஆகவே முன்பு ஊரும் பள்ளியும் சேர்ந்து சுமந்த பாரத்தில் பெரும்பங்கு இப்போது வீட்டின் மீது விழுந்திருக்கிறது.

நம் முன்னோர் இதில் அசட்டையாக இருந்தவர்கள் அல்லர். மகதூம் சாயபு 1887-இல் 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கி இந்நகரில் தமிழில் செய்தி படிக்கும் வழக்கத்தை வளர்த்தார். 1946-இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியே நிறுவினார்கள். பிற்காலத்தில் உயர்நிலை வகுப்புகளும் நடந்த அப்பள்ளி 1982 வரை இயங்கியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் இன்று பியெட்டி சாலையில் உள்ள தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. அந்தப் பள்ளிக்குப் பொருள் தந்தவர்களுள் கடை வைத்தவர்களும் கூலிக்கு உழைத்தவர்களும் இருந்தார்கள் என்பதை இன்றைய வணிகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதன் மதிப்பை அறிய நாம் இன்னும் பின்னோக்கிப் போகலாம். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் மீட்புப் பொருள் கொடுக்க இயலாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள் என்பது வரலாறு. பணத்துக்கு ஈடாக எழுத்தை வைத்த கணக்கு அது. வணிகருக்கு இதன் பொருளை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனித் தமிழ் எழுத்தின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெரும்பாலானவை ஓர் ஒழுங்கில் அமைந்தவை. ஆனால் ஒழுங்கு பிசகும் இடங்கள் உண்டு. கு, சு, து, மு என்று எழுதிப் பாருங்கள். உகரம் ஏறும் விதம் எல்லாவற்றிலும் ஒன்றாக இல்லை. 'கெ' என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் முன்னால் நிற்கிறது. ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இடமும் வலமும் இரண்டு குறிகள். ஆங்கிலத்தை இடமிருந்து வலமாகவும், அரபை வலமிருந்து இடமாகவும் பார்த்துப் பழகிய குழந்தையின் கண் இங்கே சிறிது நேரம் தடுமாறுவது இயற்கை. 2007-இல் சோனாலி நாக் என்னும் அறிஞர் கன்னடச் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வில், அவ்வெழுத்துகள் முழுவதும் கைவர நான்காம் வகுப்பு வரைகூடச் செல்வது தெரிந்தது. கன்னட எழுத்தும் தமிழைப்போல உயிர்மெய் அமைப்புடையது. ஆகையால் தொடக்கநிலை ஒன்றில் பிள்ளை தடுக்கினால் தலையில் குட்ட வேண்டாம். பொறுமை வேண்டும்.

மற்றொரு செய்தி இதைவிட முக்கியமானது. தமிழில் ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள். 'பம்பரம்' என்ற சொல்லில் முதற்பகரம் ஓர் ஒலி, மகரத்தின் பின் வரும் பகரம் வேறோர் ஒலி. எழுத்து ஒன்றே. நம் வீட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது: 'கனி' என்று எழுதினால் மாங்கனியும் அதுதான், அப்துல் கனி காக்காவும் அதுதான்! இரண்டுக்கும் ஒலி வேறு என்று எழுத்து சொல்லாது, காதுதான் சொல்லும். அதாவது, நம் எழுத்து தமிழ் பேசத் தெரிந்தவனை எதிர்பார்த்து நிற்கிறது. முன்பே காதில் விழுந்த சொல்லைக் கண் அடையாளம் காண்பதுதான் தமிழ் வாசிப்பு. காதில் விழாத சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பிள்ளைக்கு அது வெறும் ஓசையே.

ஆகவே எழுத்துக்கு முன்னால் பேச்சு வரவேண்டும். அதுவும் எந்தப் பேச்சு? அரிச்சுவடித் தமிழ் அன்று. உம்மா சோறு ஊட்டும்போது பேசும் தமிழ், அத்தா கடையிலிருந்து வந்து கேட்கும் கேள்வித் தமிழ். இந்நாட்டுத் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005-ஆம் ஆண்டிலேயே பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் பேச்சே இல்லையென்றால் பள்ளி அதை எங்கிருந்து தொடங்கும்?

'பேச்சுத்தானே வேண்டும், அதைக் கைத்தொலைபேசி நாள் முழுவதும் பேசுமே' என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். 2003-இல் அமெரிக்காவில் பட்ரிஷியா குல் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீனமொழி பேசுவோர் நேரில் அமர்ந்து புத்தகம் காட்டியும் விளையாட்டுக் காட்டியும் 12 முறை பேசினர். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்களின் அதே பேச்சைத் திரையில் காட்டினர். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் கேட்டவை பிரித்தறியவில்லை. அதே குரல், அதே சொல், அதே அளவு நேரம்! திரை குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. குழந்தை காட்டும் பொருளுக்குப் பெயர் சொல்வதில்லை. பிழையைக் கேட்டுத் திருத்துவதும் இல்லை. உஸ்தாத் செய்கிறாரே, அதை அது செய்யவில்லை.

இதனால் கருவிகள் எல்லாம் தீயவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1995-இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிய ஊர் இது. அதற்கு உழைத்த நா. கோவிந்தசாமி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். கருவியைத் தமிழுக்கு வேலை செய்ய வைத்த பெருமை நமக்கு உண்டு. எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

சுகாதார அமைச்சு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இவ்வாறு கூறுகிறது: 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரை கூடாது, 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரம் நீங்கலாக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும். சாப்பிடும்போதும் உறங்குவதற்கு முன் ஒரு மணி நேரமும் வேண்டாம். கைக்குழந்தைக்கு ஒரே ஒரு விலக்கு: உறவினரோடு முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. இந்த விலக்கைக் கவனியுங்கள். கடையநல்லூரிலோ காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இருக்கும் வாப்பும்மா, பேரப்பிள்ளையைப் பார்த்து, 'கையிலே என்னமா வச்சிருக்கே?' என்று கேட்டு, அது சொல்லும் விடையைக் கேட்டுச் சிரிக்கிறார் அல்லவா? அங்கே கருவிக்கு அப்பால் ஓர் ஆள் இருக்கிறார். வாரம் இரண்டு முறை இந்த அழைப்பு நடந்தால், எந்தப் பாட்டுப் படமும் தராத பயனை அது தரும்.

மின்னூல்களும் அப்படியே. 2015-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அறிஞர்கள் கண்டது: கதையோடு ஒட்டிய குரலும் அசையும் படமும் குழந்தைக்குக் கதையைப் புரிந்துகொள்ள உதவுகின்றன, தொட்டால் குதிக்கும் தவளை, நடுவே வரும் விளையாட்டு போன்றவை கவனத்தைக் கலைக்கின்றன. சரக்கு நன்றாக இருந்தும் கடைவாசலில் வேடிக்கை கூடினால் வாங்க வந்தவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவதில்லையா, அதுபோல. தமிழ் படிக்க வராத தாய்மாருக்கு, வாசித்துக் காட்டும் மின்னூல் ஒரு நல்ல துணை. பிள்ளையைத் தனியே விடாமல் அருகில் அமர்ந்து, 'இது என்ன? அது ஏன் ஓடுது?' என்று கேட்டுக்கொண்டே பார்க்கவேண்டும். தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில் சிறுவர்க்கான தமிழ் நூல்கள் அச்சிலும் மின்வடிவிலும் கிடைக்கின்றன. விக்டோரியா தெரு தேசிய நூலகம் தேக்காவிலிருந்து தொலைவில் இல்லை. தமிழ் நூல்கள் இரவல் போகப் போகத்தான் புதியவை வாங்குவதற்குக் காரணம் இருக்கும் என்பதையும் வணிகர் அறிவர்.

இனி நமக்கே உரிய இடர்ப்பாடு: நேரம். சிராங்கூன் சாலையிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் கடை வைத்திருப்பவர் வீடு திரும்பும்போது குழந்தை உறங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் மிகுதி. அன்றைக்கும் வீட்டில் இருக்க முடிவதில்லை. 'பிள்ளையோடு பேசுங்கள்' என்று அறிவுரை சொல்வது எளிது. கல்லாவை விட்டு எழ முடியாதவருக்கு அது என்ன உதவி?

இதற்கு ஒரு வழி சொல்வேன். ஒரே தமிழ்ப் படக்கதை நூலில் இரண்டு படி வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். பிற்பகலில் ஆள் குறைந்த நேரத்தில், கைத்தொலைபேசியில் அந்தக் கதையை உங்கள் குரலிலேயே படித்து அனுப்புங்கள். ஐந்து நிமிடம் போதும். பக்கம் முடியும்போது, 'இப்ப ஏட்டைத் திருப்பு தங்கம்' என்று சொல்லுங்கள். வீட்டில் உம்மா புத்தகத்தை விரித்து எழுத்தின் மேல் விரல் வைத்துக் காட்ட, பிள்ளை அத்தாவின் குரலைக் கேட்கும். ஒரு வாரம் அதே கதை போகட்டும். சலிப்பு நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. ஏழாம் நாள் பிள்ளை அந்தக் கதையைத் தன் வாயால் சொல்லிப் பதிவுசெய்து உங்களுக்கு அனுப்பட்டும். ஒப்பிப்பது என்று மதரஸாவில் சொல்கிறோமே, அதுதான் இது.

பாலர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் கற்பிக்கிறார்களா என்று கேட்டுச் சேருங்கள். 2014-இல் தொடங்கிய கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் தமிழ் உண்டு; மற்ற இடங்களில் விசாரித்தே அறியவேண்டும். கேட்கும் பெற்றோர் குறைந்தால் வகுப்பும் குறையும்.

எழுதுவதைப் பற்றி ஒரு சொல். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினார்கள். ஓதும் பள்ளியில் மரப்பலகையில் மையால் எழுதிக் கழுவினார்கள். பழைய முறைதானே என்று தள்ளிவிட வேண்டாம். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளுள், தாமே கையால் எழுத்தை எழுதிப் பழகியவர்களின் மூளை, அவ்வெழுத்தைப் பிறகு பார்த்தபோது படிப்பவர் மூளையைப்போல இயங்கியது. விசையைத் தட்டிப் பழகியபோது அவ்வாறு இயங்கவில்லை. கோடு கோணலாக வந்தாலும் கை எழுதவேண்டும்.

அதற்குத் தனியாகப் பலகை தேட வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளையைக் கடைக்கு அழைத்து வாருங்கள். மளிகைக் கடையானால் டப்பாக்களுக்கு ஒட்டும் சீட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்: கடுகு, சீரகம், மிளகு. துணிக்கடையானால் சேலை, துண்டு, கைலி. 'கடுகு' என்ற சொல்லில் முதல் ககரத்துக்கும் கடைசிக் குகரத்துக்கும் ஒலி எப்படி மாறுகிறது என்று சொல்லிக் காட்டுங்கள். 'மிளகு' எழுதும்போது ளகரத்தை நாவை மடித்துச் சொல்லச் சொல்லுங்கள். சீட்டில் பிழை இருந்தால் வாடிக்கையாளர் எவராவது படித்துச் சொல்வார். பிள்ளை திருத்தி எழுதும். நாலு நாள் கழித்து, 'கொத்தமல்லி' எழுதக் கொடுங்கள்.