சாப்ட்பால் பேட் வாங்குவது எப்படி? – ஒரு மெக்கானிக்கல் மாணவன் பார்வை



1887-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஓர் உள்ளரங்கில் பிறந்த விளையாட்டு சாப்ட்பால். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் இடம்பிடித்தது. நம்மைப் போன்ற பாலிடெக்னிக் டீம்களில் ஆளுக்கொரு பேட் கிடையாது. விளையாட்டு நிதியில் ஒன்றோ இரண்டோ வாங்குவார்கள். அதை வைத்துத்தான் டீம் முழுக்க வருஷம் பூராவும் ஆட வேண்டும். அதனால் பேட் தப்பாக அமைந்தால் கஷ்டம் ஒருவருக்கல்ல, ஒன்பது பேருக்கும். அதைத் தவிர்க்க நாம் படிக்கும் மெக்கானிக்ஸ் பாடமே போதும் என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. விதி சொல்லும் அளவுகள்

பேட்டின் நீளம் 34 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பருமனான இடத்தில் விட்டம் 2¼ அங்குலத்தையும், எடை 38 அவுன்ஸையும் (சுமார் 1,077 கிராம்) தாண்டக் கூடாது. பேஸ்பால் பேட் இதைவிடப் பருமனாக இருக்கும். எனவே கடைக்காரர் 'இரண்டும் ஒண்ணுதான் தம்பி' என்றால் நம்பாதீர்கள். பேட்டில் 33/23 என்று போட்டிருந்தால் நீளம் 33 அங்குலம், எடை 23 அவுன்ஸ் (சுமார் 650 கிராம்) என்று பொருள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 'டிராப் 10' என்பார்கள். டிராப் எண் கூடினால், அந்த நீளத்துக்குப் பேட் லேசானது என்று அர்த்தம்.

2. கனமா, வேகமா?

'வெயிட்டா இருந்தாதான்டா பந்து பறக்கும்!' சீனியர்கள் வாயில் நாம் அடிக்கடி கேட்கும் வசனம் இது. இதில் பாதிதான் உண்மை.

அடிபட்ட பந்தின் வேகத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. பேட்டின் வேகத்தில் 1.2 பங்கு, அதனுடன் வரும் பந்தின் வேகத்தில் 0.2 பங்கு. பந்து மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வருகிறது, பேட்டும் 80 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 96 + 16 = 112 கி.மீ. வேகத்தில் பந்து கிளம்பும். பேட் கனமாகி, அதன் வேகம் 70 ஆகக் குறைந்தால்? 84 + 16 = 100 தான். ரொம்ப லேசான பேட்டும் உதவாது. மோதும்போது பந்து அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும், அந்த 0.2 என்ற எண்ணே குறைந்துவிடும். ஆகவே, ஒருவரால் வேகம் குறையாமல் சுழற்ற முடிகிற பேட்களில் கனமானது எதுவோ, அதுவே அவருக்குச் சரியானது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெண்கள் ஆட்டத்தில் பிட்ச்சர் நிற்பது 43 அடி தூரத்தில். பந்து மணிக்கு 95 கி.மீ. வேகத்தில் வந்தால் அரை நொடிக்குள் நம்மை அடைந்துவிடும். பந்தைப் பார்த்து, முடிவு செய்து, பேட்டைக் கொண்டுவர அவ்வளவுதான் நேரம். கன பேட் அதிலும் கை வைக்கும்.

3. தராசு காட்டாத கனம்

ஒரே எடையுள்ள இரண்டு பேட்களில் ஒன்று லேசாகவும் மற்றது கனமாகவும் கையில் தெரியும். காரணம், நாம் செமஸ்டருக்காக மனப்பாடம் செய்த மொமென்ட் ஆப் இனர்ஷியாதான். எடை முனைப் பக்கம் தள்ளியிருந்தால் சுழற்றுவது கடினம்.

இதை நம் லேபிலேயே அளக்கலாம். கைப்பிடியின் குமிழ் முனையிலிருந்து 6 அங்குலம் தள்ளி ஒரு சிறிய கிளாம்ப் போட்டு, பேட்டை ஊசல் மாதிரி தொங்கவிடுங்கள். லேசாக ஆட்டிவிட்டு 10 அலைவுக்கான நேரத்தை ஸ்டாப் வாட்சில் எடுங்கள். பேட்டை ஸ்கேல் விளிம்பில் நிறுத்திப் புவியீர்ப்பு மையத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு,

நிறை × 9.81 × (தொங்கும் புள்ளியிலிருந்து புவியீர்ப்பு மையத்தின் தூரம்) × (ஓர் அலைவு நேரத்தின் வர்க்கம்) ÷ 39.5

உதாரணமாக, நிறை 0.7 கி.கி., தூரம் 0.36 மீ., அலைவு நேரம் 1.44 நொடி என்றால் விடை சுமார் 0.130. அதே 0.7 கி.கி. உள்ள இன்னொரு பேட்டுக்குத் தூரம் 0.39 மீ., நேரம் 1.47 நொடி என்றால் சுமார் 0.147. தராசில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதைச் சுழற்றத் தொடங்க 13 சதவீதம் கூடுதல் முயற்சி வேண்டும்!

4. எந்தப் பொருள்?

மரபேட் கெட்டியானது. மோதும்போது பந்துதான் நசுங்குகிறது, அதில் ஆற்றல் நிறைய வீணாகிறது. அலுமினிய பேட்டின் உள்ளே வெற்றிடம். மெல்லிய சுவர் தானும் சற்று அமுங்கி, ஸ்பிரிங் மாதிரி பந்தைத் திருப்பித் தள்ளும். கார்பன் இழையால் ஆன காம்போசிட் பேட்டில் இந்தத் துள்ளல் இன்னும் அதிகம். ஆனால் விலையும் அதிகம், உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. பலர் கை மாறும் நமக்கு அலுமினியமே ஏற்றது.

5. கடையில் செய்ய வேண்டியவை

அ) பேட்டை ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டி 30 நொடி பிடியுங்கள். கை நடுங்கி இறங்கினால் அது உங்களுக்குக் கனம்.

ஆ) காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே கடகட சத்தம் வந்தால் வேண்டாம்.

இ) கைப்பிடியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, பேரலை ஒரு பந்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். விரலில் அதிர்வு மிகக் குறைவாகத் தெரியும் இடமே 'ஸ்வீட் ஸ்பாட்'. பந்து பட வேண்டிய இடம் அது.

ஈ) கிரிப் வழுக்கக் கூடாது. வியர்த்த கையிலிருந்து நழுவிப் பறக்கும் பேட், பக்கத்தில் நிற்பவர் மண்டையைப் பதம் பார்த்துவிடும். பழைய பேட்டானாலும் கிரிப்பை மட்டும் புதிதாகச் சுற்றிவிடுங்கள். செலவு கொஞ்சம்தான்.

முடிவாக

நம் பேரவை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை உயர்ந்த ஒரே பேட்டுக்குப் பதில், நடுத்தர விலையில் இரண்டு அலுமினிய பேட் வாங்கலாம். ஒன்று 34/26, மற்றொன்று 33/23. பலசாலிக்கு முதலாவது, மற்றவர்களுக்கு இரண்டாவது. மாணவிகள் டீமும் அதே பேட்டில்தான் ஆடப் போகிறது என்றால், வாங்குமுன் அவர்கள் கையிலும் கொடுத்துப் பார்க்க வேண்டும். நன்றாக அடிப்பவன் எந்தப் பேட்டிலும் அடிப்பான். கடைசியாக ஆட வருபவரும் பந்தைத் தொட்டால்தான் டீம் ஜெயிக்கும். எனவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது கேப்டன் மட்டும் போகாதீர்கள். டீமிலேயே ரொம்ப ஒல்லியான ஆளையும் கூட அழைத்துப் போங்கள்!