சிறு மேடையும் பெரும் போட்டியும்: ஒரு மல்யுத்த ஸ்தாபனத்தின் வரலாறு தரும் பாடம்

பெரும் முதலுடைய போட்டியாளர் ஒருவர் சந்தையை ஆண்டுவரும் தொழிலில், முதல் குறைந்த சிறு ஸ்தாபனம் ஒன்று புகுந்து நிலைபெற இயலுமா? இயலுமாயின் எதனைத் துணையாகக் கொண்டு? பெயரும் புகழும் பெற்ற பின்னரும் அது வீழ்வது எதனால்? இம்மூன்று வினாக்களும் சிறு தொழில் புரிவோர் அனைவர்க்கும் உரியவை. இத்திங்கட் பாடத்தில், நம் தறிக்கும் வயலுக்கும் முற்றும் புறம்பான துறையிலிருந்து உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1992ஆம் ஆண்டில் தோன்றி 2001ஆம் ஆண்டில் மறைந்த ஒரு மல்யுத்த ஸ்தாபனத்தின் வரலாறே அது. புறத்தார் கணக்கைப் புரட்டும்பொழுது நம் கணக்கின் பிழைகள் எளிதில் கண்ணில் படும் அன்றோ!

1. தொழிலின் தன்மை

மேடை மல்யுத்தம் என்பது ஒலிம்பிக் பந்தயங்களில் நாம் காணும் குஸ்தி அன்று. இதில் வெற்றி தோல்வி முன்னரே வகுக்கப்பெறுகிறது. நாடகத்தைப் போன்றே இதற்கும் கதை உண்டு. நல்லவனும் தீயவனும் உண்டு. ஆயினும் விழும் வீழ்ச்சியும் உடல் ஏற்கும் அடியும் மெய்யே. மல்லர்களை அமர்த்துதல், மண்டபத்தை வாடகைக்குப் பெறுதல், அனுமதிச் சீட்டு விற்றல், தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி தயாரித்தல், ஒளிநாடாவும் சட்டையும் விற்றல் ஆகிய யாவும் போட்டி நடத்தும் ஸ்தாபனத்தின் வேலைகள். கதையும், அக்கதையின்பால் இரசிகர் வைக்கும் பற்றுமே இத்தொழிலின் சரக்கு எனலாம்.

2. சந்தையின் நிலை

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட்டார அமைப்பாளர்கள் கூடித் தேசிய மல்யுத்தக் கூட்டணி என்னும் அமைப்பை ஏற்படுத்தினர். ஒவ்வொருவரும் தத்தம் வட்டாரத்தில் தொழில் நடத்துவது, பொதுவான உலகச் சாம்பியன் ஒருவர் எல்லா வட்டாரங்களுக்கும் சென்று வருவது என்பதே அதன் ஏற்பாடு. பல்லாண்டுகள் இம்முறை நடந்தது.

1982ஆம் ஆண்டில் வின்சென்ட் மக்மஹன் என்பார் தம் தந்தையாரின் வடகிழக்கு வட்டார நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அதுவே உலக மல்யுத்த சம்மேளனம். (இதனை இனிச் சம்மேளனம் என்றே குறிப்போம்.) அவர் வட்டார எல்லைகளை மதிக்கவில்லை. பிறர் வளர்த்த மல்லர்களைக் கூடுதல் ஊதியம் தந்து அழைத்துக்கொண்டார். கம்பிவழித் தொலைக்காட்சியின் துணையால் நாடு முழுவதும் புகுந்தார். 1985ஆம் ஆண்டில் நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் ‘ரெஸ்ஸில்மேனியா’ என்னும் பெருவிழாவை நடத்தினார். வட்டார நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 1990களின் தொடக்கத்தில் நாடளாவ நின்றவை இரண்டே: ஒன்று சம்மேளனம், மற்றொன்று, 1988 முதல் டெட் டர்னரின் தொலைக்காட்சி நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த டபிள்யூ.சி.டபிள்யூ.

3. தோற்றமும் பெயர் மாற்றமும்

பிலடெல்பியாவில் இயங்கிவந்த சிறு மல்யுத்த அமைப்பு ஒன்று 1992இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன் தொடர்பிலிருந்த டாட் கார்டன் என்னும் நகை வணிகர் அவ்வாண்டிலேயே ‘ஈஸ்டர்ன் சாம்பியன்ஷிப் ரெஸ்லிங்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1993 செப்டம்பரில் கதையமைக்கும் பொறுப்பு பால் ஹேமன் என்பவரிடம் வந்தது.

1994 ஆகஸ்டு 27ஆம் நாள் இச்சிறு ஸ்தாபனத்தின் மண்டபத்தில், காலியாயிருந்த கூட்டணியின் உலகச் சாம்பியன் பட்டத்துக்குப் பந்தயத் தொடர் நடந்தது. வென்றவர் ஷேன் டக்ளஸ். பல்லாண்டுப் பெருமையுடைய அப்பட்டத்தை அவர் மேடையிலேயே தரையில் எறிந்தார். இறந்துபோன அமைப்பின் பட்டம் தமக்கு வேண்டாவென அறிவித்தார். கூட்டணியின் தலைவர்க்கு இது முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. அடுத்த சில நாட்களில் ஸ்தாபனம் கூட்டணியை விட்டு நீங்கி, ‘கிழக்கு’ எனப் பொருள்படும் ‘ஈஸ்டர்ன்’ என்ற சொல்லை அகற்றி, ‘எல்லை கடந்த’ எனப் பொருள்படும் ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற சொல்லைச் சூடியது. ஈ.சி.டபிள்யூ. என்ற சுருக்கெழுத்து மாறவில்லை. பொருள் மட்டும் மாறிற்று. நம்பி அழைத்தவரை அவர்தம் பட்டத்தைக் கொண்டே அவமதித்த இச்செயலை நாம் புகழ வேண்டியதில்லை. ஆயினும், அன்று முதல் அந்த ஸ்தாபனம் இன்னது என்பதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை.

4. தனித்தன்மை அமைந்த விதம்

பெரிய நிறுவனங்கள் இரண்டும் அக்காலத்தில் பெரும்பாலும் சிறுவர்க்கும் குடும்பங்களுக்கும் உரிய வண்ணமயமான காட்சிகளைத் தந்தன. ஈ.சி.டபிள்யூ. அவற்றைப் போல நடிக்க முயலவில்லை; முயன்றாலும் பணம் இல்லை. தென் பிலடெல்பியாவில், பிங்கோ என்னும் எண் விளையாட்டு நடக்கும் பழைய கூடம் ஒன்றே அதன் தலைமை மேடை. ஆயிரத்துச் சொச்சம் பேர் நெருங்கி அமர, மங்கிய ஒளியில் மல்லர் கூட்டத்தினுள்ளேயே மோதினர். எளிமையை மறைக்காமல், அதையே ஒரு சுவையாக ஆக்கியதுதான் முதல் உத்தி.

மல்லர் ஒவ்வொருவரிடத்தும் குறையை மறைத்து நிறையைக் காட்டுவது இரண்டாம் உத்தி. பெரிய இடங்களில் ஒதுக்கப்பட்டோரும் பெயர் பெறாதோரும் இங்கே புதுவாழ்வு பெற்றனர். மேசை, நாற்காலி, முள்வேலிக் கம்பி கொண்டு நிகழ்ந்த வன்மையான மோதல்களால்தான் இது பேர்பெற்றது என்பர் பலர். அது முழு உண்மையன்று. எட்டி கெரேரோ, டீன் மாலெங்கோ போன்ற நுண்திறன் மிக்காரும், ரே மிஸ்டீரியோ போன்ற மெக்சிகோ பாணியினரும் இதே மேடையில் ஏறினர். வன்மை, நுண்மை, புதுமை மூன்றும் ஒரே மாலையில் கிட்டின.

இரசிகரைப் பங்காளியாக்கியது மூன்றாம் உத்தி. 1995 ஆகஸ்டில் கெரேரோவும் மாலெங்கோவும் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குச் செல்லுமுன் கடைசியாக மோதியபொழுது, அரங்கம் எழுந்து நின்று ‘போகாதீர்’ என்று முழங்கிற்று. விளம்பரத்துக்குப் பணமில்லாத ஸ்தாபனத்துக்கு அத்தகைய இரசிகரே விளம்பரம் ஆயினர். ஒளிநாடாக்கள் ஊர் ஊராகக் கைமாறின. பின்னிரவில் ஒளிபரப்பான நிகழ்ச்சிக்காக மக்கள் விழித்திருந்தனர்.

5. வளர்ச்சி

1997 ஏப்ரல் 13ஆம் நாள் இந்த ஸ்தாபனம் தன் முதல் கட்டண ஒளிபரப்பை அதே பிங்கோ கூடத்திலிருந்து நடத்தியது. அன்று 52 வயதான டெர்ரி ஃபங்க் உலகப் பட்டம் வென்றார். அவ்வாய்ப்பு எளிதாகக் கிட்டிவிடவில்லை. 1996 நவம்பரில் மாசசூசெட்ஸில், வயதைப் பொய்யாகக் கூறி மேடையேறிய 17 வயது இளைஞர் ஒருவர் நெற்றி பிளந்து பெருங்காயம் அடைந்தார். செய்தி பரவவே ஒளிபரப்பு நிறுவனம் ஒப்பந்தத்தை நீக்கிற்று, பின்னரே இணங்கிற்று. வன்மையைச் சரக்காக விற்பவன், அடுத்த முறை அதனினும் மிகுதியாகத் தர வேண்டிவரும். அதன் விலையைத் தன் உடலால் கட்டியவன் மல்லனே.

அதன்பின் பிற மாநிலங்களிலும் காட்சிகள் நடந்தன. பொம்மைகளும் கணினி விளையாட்டுகளும் வெளிவந்தன. 1999 ஆகஸ்டில் டி.என்.என். என்னும் கம்பிவழி அலைவரிசையில் நாடு முழுவதும் வாராந்தர நிகழ்ச்சி தொடங்கிற்று. பிலடெல்பியாவின் பிங்கோ கூடம் ஏழே ஆண்டில் நாடளாவிய மேடை ஆயிற்று.

6. விரிசல்

இதே ஆண்டுகளில் பெரியோர் இருவர்க்கும் இடையே கடும் போர் நடந்தது. 1995 செப்டம்பரில் டபிள்யூ.சி.டபிள்யூ. திங்கட்கிழமை இரவில் போட்டி நிகழ்ச்சி தொடங்கியது. 1996 முதல் 1998 வரை 80 வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சம்மேளனத்தை முந்தியது. இருவரும் ஆள் தேடினர். நாற்றங்கால் எங்கே என்பது இருவர்க்கும் தெரியும். ஈ.சி.டபிள்யூ. வளர்த்த நாற்றுகளைப் பெரியோர் பிடுங்கித் தம் வயலில் நட்டனர். ஆட்களோடு பாணியும் சென்றது. 1997க்குப் பின் சம்மேளனமே வன்மையும் துடுக்கும் கலந்த நடையை மேற்கொண்டது. சிறியவனின் தனித்தன்மை பெரியவனின் கடையில், மேலான ஒளியில், விற்பனைக்கு வந்துவிட்டது.

2000 ஏப்ரலில் நடந்த நிகழ்ச்சி இந்நிலையைத் தெளிவாகக் காட்டும். உலகச் சாம்பியனாயிருந்த மைக் ஆசம், பட்டத்தோடு டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குச் சென்றார். வழக்கு மிரட்டலுக்குப் பின் ஏற்பட்ட சமரசத்தின்படி, ஏப்ரல் 13ஆம் நாள் இண்டியானாபொலிஸில் அவர் திரும்பி வந்து, அப்பொழுது சம்மேளனத்தின் மல்லராகிவிட்ட டாஸ் என்பவரிடம் பட்டத்தை இழந்தார். ஈ.சி.டபிள்யூ.வின் தலைமைப் பட்டத்துக்கு மோதிய இருவருமே அன்று அந்த ஸ்தாபனத்தின் ஆட்கள் அல்லர்!

தொலைக்காட்சி நிலையும் அவ்வாறே. டி.என்.என். அலைவரிசை 2000 செப்டம்பரில் சம்மேளனத்தின் திங்கட்கிழமை நிகழ்ச்சியைப் பெற்றது. அக்டோபரில் ஈ.சி.டபிள்யூ. நிகழ்ச்சி நின்றது. மல்லர்க்கு ஊதியம் நிலுவையில் விழுந்தது. காசோலைகள் பணமின்றித் திரும்பின. 2001 ஜனவரி 13ஆம் நாள் ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் நகரில் நடந்ததே கடைசிக் காட்சி. மார்ச்சு மாதத்தில் ஹேமன் சம்மேளனத்தின் வர்ணனையாளராக அமர்ந்தார். ஊதியத்துக்குக் காத்திருந்த மல்லர் பலர் அதனைத் தொலைக்காட்சியில் கண்டறிந்தனர்.

7. ஐந்தொகை கூறும் உண்மை

2001 ஏப்ரலில் இந்த ஸ்தாபனம் நொடிப்பு மனுத் தாக்கல் செய்தது. அதில் காட்டிய சொத்து 13,85,500 டாலர். கடன் பொறுப்பு 88,81,435 டாலர். அதாவது சொத்தைப்போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட கடன். சொத்து என்பதிலும் 8,60,000 டாலர், கட்டண ஒளிபரப்பு, கணினி விளையாட்டு, பொம்மை நிறுவனங்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி. ஒளிநாடாத் தொகுப்பின் மதிப்பு 5,00,000 டாலர். 1998ஆம் ஆண்டு லாரி ஒன்றின் மதிப்பு 19,500 டாலர். விற்காத சரக்கு 4,000 டாலர்.

வாசகர் இவ்வெண்களைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். சொத்தில் நூற்றுக்கு 62 பங்கு பிறர் கையிலிருந்த பணம். விற்பனை நடந்தது, பெயரும் பரவிற்று, வரவு மட்டும் பெட்டிக்கு வந்து சேரவில்லை. கதையமைப்பவர், மேலாளர், பணம் கொடுப்பவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவரே ஆதலின், தடுத்துக் கேட்பார் இல்லை.

வென்றவர் யார்? 2001 மார்ச்சில் சம்மேளனம் டபிள்யூ.சி.டபிள்யூ.வையும் விலைக்கு வாங்கிற்று. 2003இல் ஈ.சி.டபிள்யூ.வின் பெயரும் ஒளிநாடாக்களும் அதே நிறுவனத்தின் வசமாயின. அப்பெயரில் 2005இல் நியூயார்க்கில் ஒரு நினைவுக் காட்சியும், 2006 முதல் 2010 வரை ஒரு வாராந்தர நிகழ்ச்சியும் நடந்தன. பெயருக்கு விலை இருந்தது. அதனை உருவாக்கியவர் கையில் பெயர் இல்லை.

8. நாம் கொள்ளும் பாடங்கள்

முதலாவது: சிறியவன் பெரியவனைப் பின்பற்றினால் தோற்பான், தன்னால் மட்டுமே தரக்கூடியதைத் தந்தால் சந்தை தேடி வரும்.

இரண்டாவது: பாணியைப் பிறர் நகலெடுக்க இயலும். ஆகவே ஒரு புதுமையோடு நின்றுவிடலாகாது.

மூன்றாவது: கைதேர்ந்தவர்க்கு உரிய காலத்தில் உரிய ஊதியம் சேராவிடில், பற்று மட்டும் அவரை நெடுநாள் நிறுத்தாது.

நான்காவது: கொள்வோன் ஒருவனையே நம்பியிருப்பது ஆபத்து. அவன் மனம் மாறும் நாளில் கடை அடைபடும்.

ஐந்தாவது: வளர்ச்சி வேறு, வரவு வேறு. புகழ் மிகும் ஆண்டில்தான் பாக்கியையும் கடனையும் மிகக் கவனமாகப் பார்த்தல் வேண்டும்.

வாசிப்புக் குழுக்களுக்கு வினாக்கள்

1. வளர்த்த ஆட்களை இழக்காதிருக்க, பணம் குறைந்த ஈ.சி.டபிள்யூ. என்ன செய்திருக்கலாம்?

2. ஒரே அலைவரிசையை நம்பாது வளர வேறு வழி அதற்கு இருந்ததா?

3. நம் சரக்கில் பிறரால் எளிதில் நகலெடுக்க இயலாதது எது? அதனைக் காத்துவருகின்றோமா?

4. சென்ற ஆண்டு ஐந்தொகையில், வரவேண்டிய பாக்கி நம் மொத்தச் சொத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு?

நான்காம் வினாவுக்கு ஊகத்தால் விடை கூறுதல் ஆகாது. பேரேட்டை எடுத்துவந்து, கூட்டிப் பார்த்தே விடை கூறுதல் வேண்டும்.